பழம்புத்தகம் தேடிய பேரறிஞர்: கலாநிதி அம்பேத்கார்

கல்லூரி விழாமலர்களிலே சமயப் பெரியார் ஒருவரின் சரிதமோ, கல்விக்கூடம் கண்ட வள்ளல் ஒருவரின் சரிதமோ இடம்பெறுவது வழக்கம். யாம் இங்கு எழுதப் புகுந்தது அவ்விருவகையிலும் அடங்காத ஒருவரின் சரிதமாகும். அவர் இந்துக் குடும்பமொன்றிலே பிறந்தவர்; தம் வாழ்வின் இறுதியாண்டிலே அச்சமயத்தை விட்டு நீங்கியவர். அங்ஙனமாகவும் இந்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவராகிய நாம் அவரை நினைவுகூர்தல் தகுமோ என அன்பர் சிலர் வினவலாம். தகும் என்பதே எமது துணிபு. ஒற்றையறை வீட்டிலே விளக்கொளியிற் படித்து, பழம்புத்தகக் கடைகளிலே உணவை ஒறுத்து நூல் வாங்கி, அந்நூலறிவால் ஒரு பெருநாட்டின் அரசியலமைப்பை வரைந்த அம்மனிதரின் வாழ்க்கை, பசறையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயத்துக் காம்பராக்களிலிருந்து படிக்க வந்த எம்மனோர்க்கு அயலார் கதையன்று.

பீமராவ் அம்பேத்கார் 1891ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 14ஆந் தேதி மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைநகரிற் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால், தாயார் பீமாபாய். பதினான்கு மக்களுள் பீமராவே கடைக்குட்டி. தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையிலே சுபேதார் பதவி வகித்தவர். படைப் பள்ளியிலே ஆசிரியராயும் இருந்தவர். கபீர் நெறியைப் பின்பற்றியவர். நாடோறும் மக்களை அருகிருத்திப் பாரத இராமாயணங்களைப் படிப்பிப்பது அவர் வழக்கம். குடும்பமோ மகார் என்னும் வகுப்பைச் சார்ந்தது. அவ்வகுப்பாரைத் தீண்டினால் தீட்டு என்று ஊரார் ஒதுக்கிவைத்திருந்தனர்.

ஆறு வயதளவிலே தாயை இழந்த சிறுவன் சதாரா நகரப் பள்ளியிற் பயின்றான். ஏனைய மாணவர் அமரும் இடத்தில் அவனுக்கு இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத்துணியை மூலையில் விரித்து அதன்மேல் அமர்ந்தே பாடங் கேட்டான். தாகம் எடுத்தால் குழாயைத் தொடுதல் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டாலன்றி நீர் இல்லை. சேவகன் வராத நாளில் தாகத்துடனேயே வீடு திரும்பினான். 1901ஆம் ஆண்டு வெளியூரிலே பணியாற்றிய தந்தையைக் காணத் தமையனுடனும் உறவுச் சிறுவருடனும் புறப்பட்டபோது நிகழ்ந்ததும் நெஞ்சை உறுத்துவதே. புகையிரத நிலையத்திலே இறங்கிய பிள்ளைகளின் குலத்தை அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்ற இசைந்திலர். இரட்டைக் கூலி பெற்ற ஒருவன், பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும் எனவும் தான் உடன் நடந்து வருவதாகவும் கூறி இசைந்தான். இரவு முழுவதும் உணவு கையில் இருந்தது. அதனை உண்ணுதற்கு ஒரு மிடறு நீர் கொடுப்பார் இல்லை.

பின்னர்க் குடும்பம் பம்பாய் நகருக்குப் பெயர்ந்தது. தொழிலாளர் வாழும் பரேல் பகுதியிலே ஓர் அறையே வீடு. அடுப்பும் விறகும் ஆடும் படுக்கையும் புத்தகமும் அவ்வோரறைக்குள்ளேயே. தந்தையார் ஓர் உபாயஞ் செய்தார். மகனை முன்னிரவிலே உறங்கவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரண்டு மணிக்கு அவனை எழுப்பிவிட்டு அவ்விடத்திலே தாம் துயில்வார். மகனோ விளக்கின் முன்னமர்ந்து விடியும்வரை படிப்பான். லயத்திலே வளர்ந்த எவருக்கும் இக்காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பாடநூல் தவிர வேறு நூலும் வேண்டுமென மகன் கேட்பான். கையிற் பொருளில்லாத தந்தையார் மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் கடன் கேட்பார். அவர்களிடமும் பணமில்லையாயின் அவர்தம் நகையொன்றை வாங்கி அடகுவைத்துப் புத்தகத்துடன் வீடு திரும்புவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். சமஸ்கிருதம் கற்கவேண்டுமென்ற ஆவல் பள்ளியிலே மறுக்கப்பட்டது. ஆதலாற் பாரசீக மொழியைப் பயின்றார். 1907ஆம் ஆண்டு மெற்றிக்குலேசன் பரீட்சையிற் சித்தியெய்தியபோது, பூங்காவிலே அவர் நாள்தோறும் படிப்பதைக் கண்டு அன்பு கொண்டிருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரிதத்தைப் பரிசளித்தார். அந்நூல் அவர் நெஞ்சிலே நாற்பத்தொன்பது ஆண்டுகள் தங்கியிருந்து பலன் தந்ததைப் பின்னர்க் காண்போம்.

கேலுஸ்கரின் பரிந்துரையால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்குவாட் திங்கள்தோறும் உதவிப்பணம் அளித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியிலே பட்டம் பெற்றபின், 1913ஆம் ஆண்டு பெப்புருவரியில் தந்தையார் காலமானார். அவ்வாண்டு யூலை மாதத்திலே, மன்னரின் புலமைப்பரிசிலைப் பெற்று, இருபத்திரண்டு வயதினராய் நியூயோர்க் நகரக் கொலம்பியா சர்வகலாசாலையை அம்பேத்கார் அடைந்தார்.

அமெரிக்கா அவருக்கு அளித்தவை இரண்டு. முதலாவது, எவரும் குலம் வினவாது உடனமர்ந்து உண்ணும் அனுபவம். இரண்டாவது, நூல்கள். பொருளியலிலே செலிக்மன், வரலாற்றிலே ஜேம்ஸ் ஹார்வி இரொபின்சன், சொட்வெல், தத்துவத்திலே ஜோன் டூயி என்பார் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். குடியாட்சி என்பது வாக்களிப்பு முறைமை மாத்திரமன்று, மக்கள் ஒருவரோடொருவர் கலந்து தம் அனுபவத்தைப் பகிர்ந்து வாழும் வாழ்க்கை முறையேயாம் என்பது டூயியின் போதனையின் சாரம். சாக்குத்துணியிலே தனித்து இருத்தப்பட்ட ஒருவருக்கு அப்போதனை ஏட்டுப் படிப்பாக மாத்திரம் இருந்திருக்குமோ? நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரம் அவர் படித்தாரென வரலாற்றாசிரியர் குறிப்பர். 1915இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1916 மே மாதத்திலே இந்தியச் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் பற்றி ஆய்வுரை படித்தார்.

புலமைப்பரிசிற் பணமோ அளவானது. அதிலும் ஒரு பகுதி பம்பாயிலிருந்த மனைவி இரமாபாய்க்குச் செல்லவேண்டும். நாடகமும் கேளிக்கையும் நிறைந்த நியூயோர்க்கிலே இம்மாணவரின் ஒரே கேளிக்கை பழம்புத்தகக் கடை. பிறர் படித்து விற்ற நூல்களை மலிவு விலைக்கு வாங்கிச் சேர்த்தார். மூன்றாண்டிற் சேர்ந்தவை ஏறத்தாழ 2000 நூல்கள். ஓரங்களிலே பிறர் குறிப்பெழுதிய ஏடுகள், அட்டை கழன்ற தொகுதிகள் ஆயினும் அவை அவருக்குச் செல்வமாயின. 1916இல் இலண்டன் செல்லும்போது அவற்றை இந்தியாவுக்கு அனுப்பும்படி நண்பரொருவரிடம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒரு பகுதியே ஊர் வந்து சேர்ந்தது.

இலண்டனிலே பொருளியற் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்த மறு ஆண்டே புலமைப்பரிசிலின் தவணை முடிந்தது. 1917இல் அவர் பயணிகள் கப்பலில் ஊர் திரும்பினார். நூல்களடங்கிய பொதிகளைத் தனியே வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். அது முதலாம் உலகப்போர்க் காலம். ஜெர்மானிய நீர்மூழ்கி அக்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. வயிற்றைக் கட்டி வாங்கியவை கடலுக்கு இரையாயின. பொதிகளுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டே அவர் பரோடாவுக்குச் செல்லவேண்டியதாயிற்று.

பரோடாவிலே நேர்ந்தது அதனினுங் கொடிது. மன்னரின் பணியை ஏற்க வந்தவருக்கு அந்நகரில் விடுதி எதுவும் இடந்தரவில்லை. பார்சி வகுப்பாரின் தங்குமடம் ஒன்றிலே பார்சிப் பெயரைச் சூடித் தங்கினார். அலுவலகத்திலே சேவகர் கோப்புகளைத் தொலைவிலிருந்தே எறிந்தனர். பதினோராம் நாட் காலையிலே தடியேந்திய பன்னிருவர் வந்து, அன்று மாலைக்குள் வெளியேறும்படி அச்சுறுத்தினர். இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் இடந்தர இயலாமைக்குக் காரணங் கூறினர். கொலம்பியாவிலே ஆய்வு செய்த அப்பெருமகன் பொதுப் பூங்காவிலே மரமொன்றின் கீழமர்ந்து கண்ணீர் வடித்து, இரவு வண்டியிலே பம்பாய்க்கு மீண்டார். கல்வி உயர்வு தரும் என்று நம்பிய எவரும் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வி கற்றவன் உயர்ந்தான். அவனைச் சூழ்ந்த சமூகம் உயரவில்லை.

1918இல் பம்பாய் சிடனம் வணிகக் கல்லூரியிலே பேராசிரியரானார். அங்கும் ஆசிரியருக்குரிய தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்று சிலர் தடுத்தனர். ஊதியத்தை மிச்சம்பிடித்தும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசாவும் கொலம்பியா நண்பர் நவல் பதேனாவும் அளித்த உதவியைக் கொண்டும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். பிரித்தானிய நூதனசாலை நூல்நிலையக் கதவு திறக்கும்போது நுழைந்து, அடைக்கும்போது வெளியேறினார். பகலுணவுக்குப் பணமில்லை, இரவிலும் அரைவயிற்று உணவே. இங்ஙனம் பாரிஸ்டர் தகுதியும், ரூபாய் நாணயச் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு 1923இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கொலம்பியாவின் கலாநிதிப் பட்டம் 1927இல் வழங்கப்பட்டது.

இவ்வெற்றிகளுக்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர் மாத்திரமல்லர். பம்பாயிலே வறுமையோடு குடும்பத்தைத் தாங்கிய இரமாபாய் பெற்ற மக்கள் ஐவருள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். அவ்வம்மையாரும் 1935இல் உலக வாழ்வை நீத்தார். பெரியாரின் சரிதங்களிலே இத்தகைய மாதரின் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுவது முறையன்று.

தாயகம் திரும்பியவர் தம் கல்வியைத் தம் மக்களுக்கே ஆக்கினார். 1927 மார்ச்சு மாதம் 20ஆந் தேதி, மகாட் என்னும் ஊரிலே, சட்டப்படி எல்லோருக்கும் திறக்கப்பட்டும் ஒடுக்கப்பட்டோர் அண்டமுடியாதிருந்த பொதுக்குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீரருந்தினார். சதாராப் பள்ளியிலே குழாயைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட கை, முப்பதாண்டளவில் அக்குளத்து நீரை அள்ளியது. 1930இலும் 1931இலும் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மகாநாடுகளிலே அவரோடு ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாய் அமர்ந்தவர் தமிழராகிய இரட்டைமலை சீனிவாசன் ஆவர். 1932இல் காந்தியடிகளுடன் கருத்து மாறுபாடும், பின் பூனா உடன்படிக்கையும் நிகழ்ந்தன. 1936இல் இலாகூர்ச் சங்கமொன்று சாதியொழிப்புப் பற்றிப் பேச அழைத்து, உரையை முன்கூட்டிப் பார்த்தபின் அழைப்பைக் கைவிட்டது. பேசப்படாத அவ்வுரையைத் தம் செலவிலேயே அச்சிட்டார். அதிலே தம் ஆசான் டூயிக்குத் தாம் பட்ட கடனையும் மறவாது குறித்தார். அந்நூலைத் தமிழாக்கி வெளியிட்டது ஈ. வே. இராமசாமிப் பெரியாரின் குடிஅரசு நிலையம்.

கடல் கொண்ட நூல்களுக்கு ஈடாக அவர் வாழ்நாள் முழுவதும் நூல் வாங்கினார். பம்பாய் தாதர் பகுதியிலே இராசகிருகம் என்ற பெயரில் வீடு கட்டியபோது மனிதருக்கு ஒதுக்கிய இடத்திலும் புத்தகத்துக்கு ஒதுக்கிய இடமே பெரிது. 1946இலே, அமெரிக்க நீகிரோ மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சமர்ப்பித்த மனுவைப் பற்றி அறிந்ததும், அவர்தம் தலைவரான பேரறிஞர் டூபோயிசுக்குக் கடிதம் எழுதி அம்மனுவின் பிரதியைக் கேட்டார். அவரும் அன்போடு மறுமொழி விடுத்தார்.

1947 ஆகத்து மாதம் 29ஆந் தேதி இந்திய அரசியலமைப்பின் வரைவுக்குழு அமைக்கப்பட்டது. அம்பேத்கார் அதன் தலைவரானார். பழங்கடையிலே வாங்கிய அமெரிக்க அரசியல் நூல்களின் பயன் இப்பொழுது வெளிப்பட்டது. அமெரிக்காவிலே அடிமைமுறை ஒழிந்தபின் 1868இல் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பை எல்லோர்க்கும் உரித்தாக்கியது. இந்திய அமைப்பின் 14ஆம் உறுப்பிலே அக்கருத்து இடம்பெற்றது. 17ஆம் உறுப்போ அமெரிக்கரிடத்தும் இல்லாதது: தீண்டாமை ஒழிக்கப்பட்டது என அது விதித்தது.

1949 நொவெம்பர் 25ஆந் தேதி அரசியலமைப்புச் சபையிலே அவர் ஆற்றிய நிறைவுரையில் இரு அமெரிக்கச் செய்திகள் வருகின்றன. ஒன்று ஜெபர்சனுடையது: ஒரு தலைமுறை வகுத்த சட்டம் அடுத்த தலைமுறையைக் கட்டிப்போடலாகாது என்னும் கருத்து. மற்றையது பிரைஸ் பிரபு அமெரிக்கக் குடியரசைப் பற்றி எழுதிய நூலிலுள்ள கதை. அமெரிக்கத் திருச்சபையார் தம் வழிபாட்டிலே தேசத்தை வாழ்த்தும் வேண்டுதலொன்றைச் சேர்க்க முற்பட்டபோது, நாம் இன்னும் ஒரே தேசமாகவில்லையே என்று பலர் தேசம் என்னுஞ் சொல்லுக்கே தடைகூறினர். அதனால் ஐக்கிய நாடுகளை வாழ்த்துவதாக அவ்வேண்டுதல் மாற்றப்பட்டது. இக்கதையைக் கூறி, ஆயிரக்கணக்கான சாதிகளாய்ப் பிரிந்து நிற்போர் தம்மை ஒரு தேசமென எண்ணுவது மயக்கமே என்றும், அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும் நெடுங்காலம் உடனிருத்தல் இயலாது என்றும் எச்சரித்தார்.

அவ்வரசியலமைப்பு 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே அம்பேத்கார் இலங்கைக்கு வந்து, கண்டியிற் கூடிய உலக பௌத்தர் மகாநாட்டிலே கலந்துகொண்டார். கொழும்பிலும் உரையாற்றினார். பல கோடி மக்களுக்குக் குடியுரிமையை எழுத்திற் பொறித்த கை மலைநாட்டின் வாசலுக்கு வந்த அவ்வேளையிலே, அம்மலைகளிலே தேயிலைக் கொழுந்து பறித்த எம் முன்னோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராய் நின்றனர். ஒப்பந்தங்கள் பல கடந்து, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அவ்வல்லல் முற்றாகத் தீரவில்லை. வரலாற்றின் இவ்வோரத்து முரணை யாம் மறத்தற்கில்லை.

1952 யூன் 5ஆந் தேதி கொலம்பியா சர்வகலாசாலை அவருக்குச் சட்டக் கலாநிதி என்னும் கௌரவப் பட்டம் வழங்கியது. முப்பத்தாறு ஆண்டின் பின் தம் ஆசான் டூயியைக் காணலாமென்ற ஆவலோடு சென்றார். டூயியோ யூன் முதலாந் தேதியே காலமாகிவிட்டார். தம் அறிவு வாழ்வு முழுவதும் அவருக்குக் கடன்பட்டது என்று துணைவியார் சவிதாவுக்கு எழுதி வருந்தினார்.

1956 ஒக்டோபர் 14ஆந் தேதி நாகபுரியிலே இலட்சக்கணக்கானோருடன் அம்பேத்கார் பௌத்தந் தழுவினார். கேலுஸ்கர் பதினாறு வயது மாணவனுக்குப் பரிசளித்த நூல் அன்று தன் பயனை அடைந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 6ஆந் தேதி டில்லியிலே உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவரது புத்தர் சரிதமும் தம்மமும் பற்றிய நூல் மறு ஆண்டிலே வெளிவந்தது.

இந்துக்களாகிய நாம் இம்முடிவை எங்ஙனம் நோக்குவது? அவர் நம்மை விட்டு நீங்கினார் என்று குறைகூறல் எளிது. பூங்காவின் மரத்தடியிலே அவரை இருத்தியவர் யாவர் என்று வினவுதல் அரிது. அவ்வினா கடல் கடந்து நம் நாட்டுக்கும் உரியது. 1929இல் உதவி நன்கொடை பெறும் பள்ளிகளிலே சம ஆசனம் வேண்டும் என்ற ஏற்பாட்டை யாழ்ப்பாணத்திலே பலர் எதிர்த்தனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே இலங்கையில் நிறைவேறியது. நமுனுகுலைச் சாரலிலும் பிறவிடத்தும் ஒரே கொழுந்தைப் பறித்து ஒரே பெரட்டுக்களத்திலே நின்றோரும், மாலையிலே லயத்துக்கு லயம் குலம் பார்த்துப் பிரிந்த காலம் ஒன்றிருந்தது. பீலிக்கரையிலே யார் முன்னே குடம் வைப்பது என்ற பிணக்கை முதியோர் மறந்திரார். அவ்வழக்கம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. மணப்பேச்சு எழும்போது மாத்திரம் அது மீண்டும் தலைகாட்டுகின்றது.

ஆகவே இச்சரிதத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. புத்தகம் பழையதாயினும் அறிவு பழையதன்று. நம் பழைய மாணவர் பலருடைய வீடுகளிலே படித்து முடித்த நூல்கள் பெட்டிக்குள்ளே கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. கடல் கொண்ட நூல்களுக்காக ஒருவர் வாழ்நாளெல்லாம் வருந்தினார். நாமோ கையிலுள்ளவற்றையே கறையானுக்குக் கொடுக்கின்றோம். அவற்றைக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்பினால், தோட்டத்திலிருந்து நடந்துவரும் ஒரு பிள்ளையின் கையை அவை அடையும். அப்பிள்ளை யாராக வளரும் என்பதை இன்று யார் அறிவார்?

இரண்டாவது, கற்றவரின் கடன். அம்பேத்கார் தாம் உயர்ந்த ஏணியை எடுத்துக்கொண்டு மேலே சென்றாரல்லர். சித்தார்த்தக் கல்லூரி முதலிய கல்விக்கூடங்களை நிறுவி, அவ்வேணியைப் பிறருக்கும் ஊன்றி வைத்தார். நம் கல்லூரியிலே கற்று உயர் பதவி அடைந்தோர் விழாவுக்கு வருவதோடமையாது, தாம் புறப்பட்ட லயத்தின் வாசலுக்கும் ஒருமுறை செல்லுதல் வேண்டும். அங்கே இரவிலே விளக்கின் முன் படிக்கும் சிறுவன் ஒருவன் இன்றும் இருப்பான்.